உறவினர் படம்

அன்று காலை தம்பி என்னிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டான். "உன் சட்டையையும் குடுண்ணா, தேய்ச்சுடறேன். என் படம் ஓடுற அன்னைக்குப் பக்கத்துல கசங்கின ஆளு நிக்கக் கூடாது" என்றான். கொடுத்தேன். நன்றாகத்தான் தேய்த்தான்.

எங்கள் நகரத்துக் குறும்பட, ஆவணப்பட விழாவுக்கு இது முப்பத்து நான்காவது ஆண்டு. தேர்வுக் குழுவில் எனக்குப் பத்தொன்பதாவது. உறவினர் எடுத்த படம் தேர்வுக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். தம்பி அப்பாவைப் பற்றி எடுத்த படம் வந்தபோது நானும் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். உள்ளே முதலில் சிரிப்புக் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

கதவு திறந்ததும் குழுவிலிருந்த பேராசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டுக்குள்ள இவ்வளவு நடந்திருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்" என்றார். அதற்கு மேல் பேச விதி இடம் தராது.

அப்பா போன வருடம் மாடிப்படியில் விழுந்து இறந்தார். மேல்படியில் நான் நின்றிருந்தேன். மூன்று வருடம் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கம் கெட்டவன் நான். கை கொஞ்சம் அழுத்தமாகப் பட்டுவிட்டது. தம்பியின் கேமரா வீட்டில் எந்த மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"படத்துல என்னடா வெச்சிருக்கே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இப்பவே சொன்னா நீ ஓடிடுவே. தியேட்டர்ல பாரு" என்று சிரித்தான்.

எடுத்தவனே இல்லையென்றால் படத்தைப் போட மாட்டார்கள். ஆகவே திரையிடும் நாளன்று, வாசலில் மாட்டப் பழைய சுவரொட்டி வேண்டும் என்று சொல்லி அவனைக் கிடங்கு அறைக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆஸ்துமா. கட்டுகளை நானே பிரித்து உதறினேன். முப்பத்து மூன்று வருடத் தூசி.

"அண்ணா, என் பம்ப் எங்க?" என்றான்.

அது என் சட்டைப்பையில் இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டேன். தட்டினான். அதிக நேரம் தட்டவில்லை.

விழாவின் கடைசி நாளில் அந்தப் படத்தை அஞ்சலியாகப் போட்டார்கள். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்பாவுக்கு நான் தலை வாருகிறேன். ஊட்டிவிடுகிறேன், அவர் என் மேலேயே துப்புகிறார், நான் சிரிக்கிறேன். கடைசியில் 'அண்ணனுக்கு' என்று எழுத்து வருகிறது. மாடிப்படி எங்கேயும் இல்லை.

துக்க வீட்டுக்காரன் என்று இரக்கப்பட்டு அந்தப் பகுதியை வெட்டியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழாக் கையேடு தம்பி உயிரோடு இருந்தபோதே அச்சானது. அதில் படத்தின் நீளம் முப்பத்தொரு நிமிடம் என்று போட்டிருக்கிறது. கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். திரையிலும் முப்பத்தொரு நிமிடம் ஓடியது.