குறட்டைக் கட்டுரை

மெத்தை விக்கிறவன் மெத்தையை வித்தா போதாதாம் சார், கட்டுரையும் எழுதணுமாம்... அதெல்லாம் அழுக்காகாது, உறை போட்டிருக்கு, தாராளமா காலை நீட்டிப் படுங்க. மெத்தையோட குணம் தெரியணும்னா கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கணும். உட்கார்ந்து அமுக்கிப் பார்த்துட்டு வாங்கிட்டுப் போறவங்கதான் மறு மாசம் இடுப்பைப் பிடிச்சிட்டு வந்து நிப்பாங்க. என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், கட்டுரை.

என் மச்சினன் இருக்கான், சம்சாரத்தோட தம்பி. கடைகளுக்கெல்லாம் வெப்சைட் போட்டுக் கொடுக்கிறவன். "மாமா, வெறும் விலைப்பட்டியலை எவன் பார்ப்பான்? வாரம் ஒரு கட்டுரை போடுங்க. படிக்க வருவாங்க, படிச்சவங்க வாங்க வருவாங்க"ன்னான். சரின்னு ஒரு எழுத்தாளரைப் பிடிச்சேன். என்ன எழுதினார் தெரியுமா? "தூக்கம் மனிதனுக்கு இன்றியமையாதது." இதைச் சொல்ல ஒரு ஆளா சார்? முதல் வாரம் "நல்ல தூக்கத்துக்கு ஏழு வழிகள்". அடுத்த வாரம் "நிம்மதியான உறக்கத்துக்கு ஏழு வழிகள்". வழி அதே வழி, தூக்கம்தான் உறக்கமாச்சு. பழைய பஞ்சுக்குப் புது உறை போட்டு விக்கிற வேலை எங்க தொழில்லயே உண்டு, அதை எனக்கே விக்கிறார். படிச்சது மொத்தம் ரெண்டு பேர். ஒண்ணு நான், இன்னொண்ணு அவரு. அவரு படிச்சாரான்னுகூட சந்தேகம்தான்.

மச்சினன்கிட்ட புலம்பினா, "சுவாரஸ்யமா இருக்கணும் மாமா, சொந்தச் சரக்கா இருக்கணும். உங்க வீட்ல நடக்கிறதை எழுதுங்க"ங்கிறான். என் வீட்ல என்ன சார் நடக்குது? காலையில ஷட்டரைத் தூக்கறேன், சாயங்காலம் இறக்கறேன். இதையா எழுத முடியும்? மோவாயைச் சொறிஞ்சிட்டே உட்கார்ந்திருந்தேன். மெத்தை... தூக்கம்... குறட்டை. அவ்வளவுதான், மளமளன்னு வந்துடுச்சு.

"என் மனைவியின் குறட்டை"ன்னு தலைப்பு. அவ படுத்த உடனே மர அறுவை மில் ஓட ஆரம்பிச்சிடும்னு போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிருதுன்னு போட்டேன். தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்னு போட்டேன். கடைசியில, "இவள் பக்கத்திலும் என்னைத் தூங்க வைப்பது எங்கள் கடை ஸ்பிரிங் மெத்தைதான்"னு முடிச்சேன். பிச்சுக்கிட்டுப் போச்சு சார். யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பினாங்க. கடையில கூட்டம்.

கூட்டம் வந்தா நல்லதுதானேங்கிறீங்க. கல்லாவுல யார் உட்கார்ந்திருப்பா? அவதான். ஒரு அம்மா நேரா அவகிட்டப் போய், "அந்த மர மில் நீங்கதானா?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கிறாங்க. இவளுக்கு ஒண்ணும் புரியல. அந்தம்மாவே போனை நீட்டிப் படிக்கக் கொடுத்தாங்க. கடைசி வரி வரைக்கும் பொறுமையா படிச்சா. அந்தம்மாவுக்கு பில் போட்டு, சிரிச்ச முகமா அனுப்பிட்டு, என்கிட்ட வந்து, "குறட்டை விடறது யாரு?"ன்னா. அது மட்டும்தான் கேட்டா.

அட... நான்தான் சார். விடறது நான்தான். இப்போ அதுக்கென்ன? குறட்டை விடறவன்கிட்ட எவன் மெத்தை வாங்குவான்? சொந்தச் சரக்கு கேட்டாங்க, என் சொந்தக் குறட்டையைத்தானே எழுதினேன். ஆளை மட்டும்தானே மாத்தினேன். இதுக்கு ஒரு பொம்பளை பெட்டியைத் தூக்கிட்டுத் தம்பி வீட்டுக்குப் போவாளா?

கட்டுரையை எடுத்திருக்கலாம்தான். நல்லா ஓடிட்டிருக்கிறதை எப்படி சார் எடுக்க மனசு வரும்? அவ போனதை வெச்சும் ஒண்ணு எழுதினேன்... "இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்"னு. அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனா முதல் கட்டுரையைவிட அதுதான் நல்லா ஓடிச்சு.

எதிர்ல கண்ணாடிக் கதவு போட்ட கடை தெரியுதா? அவனும் மெத்தைக்காரன்தான். அவனோட வெப்சைட்டும் என் மச்சினன் கைவேலைதான். போன வாரம் அதுல ஒரு கட்டுரை. பேர் போடல, ஆனா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு எழுதினது யாருன்னு தெரியாதா? மில் இல்ல, மோட்டார் இல்ல. "என் கணவர் குறட்டை விடுவார். நடுவில் சத்தம் நின்றுவிடும். மூச்சும் நின்றுவிடும். மறுபடி வரும் வரைக்கும் அவர் நெஞ்சில் கை வைத்து விழித்திருப்பேன். காலையில் எழுந்து, நன்றாகத் தூங்கினேன் என்பார்." இவ்வளவுதான். கீழே ரெண்டு வரி, இப்படி அடிக்கடி எழுந்து உட்கார்றவங்க வீட்டுக்கு நார் மெத்தை நல்லது, பக்கத்துல தூங்கறவங்களை ஆட்டாதுன்னு. இத்தனை வருஷம் என் ஸ்பிரிங் மெத்தையில படுத்துட்டு, அங்க போய் நார் மெத்தை விக்கிறா பாருங்க.

எனக்குத் தெரியாது சார். ஒரு நாள்கூட சொன்னதில்ல. என்கிட்ட சொல்ல வேண்டியதை இப்படி ஊர் பூரா... ஆமாம், ஆரம்பிச்சது யாருன்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.

இப்போ அங்க நிக்க இடமில்ல. மத்தியானத்துல அவளையே கல்லாவுல உட்கார வெச்சிருக்கான். குறட்டை என்னுது, வியாபாரம் அவனுது. அந்தக் கட்டுரைக்குக் கீழே முன்பின் தெரியாதவனெல்லாம் உடனே டாக்டரைப் பாருங்கன்னு எழுதியிருக்கான். நான் ஏன் பார்க்கணும்? எனக்கென்ன...

என்ன சார், அதுக்குள்ள எழுந்துட்டீங்க? நார் மெத்தையா? எங்ககிட்டயும் இருக்கே, உள்ள குடோன்ல... ஓ. நீங்களும் அதைப் படிச்சிட்டுத்தான் கிளம்பி வந்தீங்களா. கடை மாறி இங்க ஏறிட்டீங்க. பரவாயில்ல சார், ரோட்டைக் கடந்தா நேர் எதிர்தான். உங்க வீட்ல குறட்டை யாரு, நீங்களா, அவங்களா? சரி, சொல்ல வேணாம்.

போறதுதான் போறீங்க... இந்நேரம் கல்லாவுலதான் இருப்பா. அவகிட்ட, "உங்க வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தார்"னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். போகல சார், சும்மா ஒரு பேச்சுக்கு... இல்ல, வேணாம். பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவா. போகலன்னே சொல்லுங்க. அதைக் கேட்டாத்தான் எழுந்து வருவா.