ஏழாவது கோட்டில் ஆயிரம் வாட்

இரவு இரண்டு மணி ஐந்து நிமிடம். கொடைக்கானலிலிருந்து பள்ளங்கிக்கு இறங்கும் சாலை. அதிலிருந்து பிரிந்து, சீகை மரங்களுக்கு நடுவே போகும் ஒரு மண்பாதை. டிசம்பர் மாதம். புல்லின் மேல் உறைபனி... மிதித்தால் கண்ணாடித்தூள் மாதிரி நொறுங்கும்.

அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக இறங்கிப் போகிறாள். ஒரு கையில் டார்ச். மறு கையில் வாக்கிடாக்கி. ஸ்வெட்டர் பைக்குள் ஒரு ஃப்யூஸ் கட்டை.

அவள் பெயர் மஹ்ஜபின். பஜாரில் கடை வைத்திருக்கும் என் நண்பன் நிஹாலின் அக்கா. முதலில் நிஹால்தான் சொன்னான். பிறகு அவளிடமே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்" என்றாள். உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

நடந்தது 2008இல். ஊரெல்லாம் மின்வெட்டு இருந்த வருடம், நினைவிருக்கிறதா? ஏரிக்கு அப்பால் ஒரு பெரிய ஹோட்டல். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் ஓடும். பள்ளத்தாக்கு முழுக்கப் புகை. அங்கே சுற்றுலாப் பயணிகளை அனுப்பும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது... ஒரு வருடத்துக்குள் உங்கள் கட்டிடங்களால் உண்டாகும் கார்பனில் கால் பங்கைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஆள் அனுப்ப மாட்டோம்.

அதற்காகத்தான் மஹ்ஜபினை வேலைக்கு எடுத்தார்கள். கோயம்புத்தூரில் எலக்ட்ரிகல் படித்தவள். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனி மீட்டர் வைத்தாள். எல்லா மீட்டரும் ரிசப்ஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தன. திரையில் ஏழு கோடுகள், ஏழு கட்டிடங்கள். எங்கே இந்த நிமிடம் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று பத்து விநாடிக்கு ஒருமுறை எண் மாறும். ஆளில்லாத அறையில் ஹீட்டர் ஓடினால் உடனே தெரிந்துவிடும். போய் அணைப்பாள். இரண்டே மாதத்தில் பதினெட்டு சதவீதம் குறைத்துவிட்டாள்.

ஏழாவது கோடு மட்டும் எப்போதும் பூஜ்யம். அது கீழே சரிவில் இருந்த ஊழியர் லயன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு அறைகள். முந்தைய ஜனவரியிலிருந்து பூட்டிக் கிடந்தது. வேலையாட்கள் பேத்துப்பாறையிலிருந்து ஜீப்பில் வந்து போனார்கள்.

டிசம்பர் முதல் வாரம்... இரவுப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஏழாவது கோட்டில் நின்றாள். இரண்டு பத்துக்கு ஆயிரம் வாட். ஒரு ரூம் ஹீட்டர் இழுக்கும் அளவு. விடியற்காலை ஐந்து வரை அசையாமல் ஓடிவிட்டு, மறுபடி பூஜ்யம். முந்தின இரவும் அப்படியே. அதற்கு முந்தின இரவும்.

மேனேஜர் தனசேகரிடம் காட்டினாள். அவர் யோசிக்கவே இல்லை.

"வாட்ச்மேன் மாடசாமிதான். ராத்திரி கள்ளத்தனமா ஹீட்டர் போட்டுத் தூங்குறான். ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க மேடம், போலீஸ்ல சொல்லிக்கலாம்."

"நான் கண்ணால பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"மெஷின் பொய் சொல்லுமா?"

"கரண்ட் ஓடுதுன்னுதான் மெஷின் சொல்லுது. யாரு போட்டாகன்னு சொல்லல."

அன்று மதியம் போய்ப் பார்த்தாள். லயனின் மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. இருந்தாலும் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி அங்கே ஒரு குண்டு பல்புகூட எரிய முடியாது.

அன்று இரவு இரண்டு பத்து... ஆயிரம் வாட்.

மறுநாள் இரவு மாடசாமியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். ரிசப்ஷன் ஆட்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பழி அவர்மேல் விழாது. வாக்கிடாக்கி ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். நான் முதலில் சொன்னேனே, அந்தப் பாதையில்தான்.

லயனுக்கு முன்னால் வந்து நின்றாள். எட்டுக் கதவு, எட்டுப் பூட்டு. டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். காற்றே இல்லை. தூரத்தில் ஏதோ ஒரு காட்டுமாடு மூச்சு விட்டது.

வாக்கிடாக்கி இரைந்தது.

"மேடம்... ஏறிருச்சு. ஆயிரம் காட்டுது."

அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குக் கேட்டுவிட்டது. டிக்... டிக்... டிக்... கம்பிச்சுருள் சூடேறும் சத்தம். மூன்றாவது கதவின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு வெளிச்சம். முதலில் தூசி கருகும் வாசனை. பிறகு வேறொன்று... அடுப்புக்கரி வாசனை. நெஞ்சை அடைக்கும் வாசனை.

டார்ச்சைப் போட்டாள். பூட்டு துருவேறித் தொங்கியது. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவே சிலந்தி வலை. ஒரு இழைகூட அறுபடவில்லை.

உள்ளே ஒரு குழந்தை இருமியது.

இரண்டு தரம். வறட்டு இருமல். அதன் பிறகு... தட்... தட்... தட்... குழந்தையைத் தூங்க வைக்க ஒரு தாய் முதுகில் தட்டும் சத்தம்.

"மேடம், எந்த ரூமு?"

"மூணாவது."

வாக்கிடாக்கியில் நாற்காலி சரியும் சத்தம்.

"அது அன்னக்கொடி ரூமு, தாயி. வெரசா மேல வந்துருங்க."

"யாருண்ணே அன்னக்கொடி?"

"வந்துருங்கன்னா வந்துருங்க."

"சொல்லுங்கண்ணே. தெரியாம நான் வர மாட்டேன்."

மாடசாமி சொன்னார். விட்டு விட்டு, மூச்சு வாங்கி... அன்னக்கொடி ஹோட்டலில் துணி துவைத்தவள். நாலு வயதுப் பெண் குழந்தையோடு அந்த அறையில் இருந்தாள். போன ஜனவரியில், செலவையும் புகையையும் குறைக்கிறோம் என்று, இரவு பத்து மணிக்குமேல் லயனுக்குக் கரண்ட்டை நிறுத்தச் சொன்னார் தனசேகர். மேலே விருந்தாளிகளின் அறைகளில் ஹீட்டர் எரிந்துகொண்டுதான் இருந்தது. கடும் பனி. குளிர் தாங்காமல் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கச் சாத்திக்கொண்டு படுத்தாள். கரிப்புகை மூச்சை நிறுத்திவிட்டது. காலையில் கதவை உடைத்தவர் மாடசாமி.

"காய்ச்சல்ல செத்துட்டாகன்னு எழுதிட்டாக தாயி. வாயத் தொறந்தா வேலை போயிரும்னு சொன்னாக. நானும் தொறக்கல."

மஹ்ஜபினுக்கு ஓடத்தான் தோன்றியது என்று என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் ஒன்று நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த அன்று தனசேகர் காட்டிய தாளில் ஒரு வரி. 'ஊழியர் குடியிருப்பு: இரவு மின்சாரம் நிறுத்தம். கார்பன் குறைப்பு இரண்டு சதவீதம்.' அவள் கணக்குக் காட்டிக்கொண்டிருந்த பதினெட்டில் அந்த இரண்டும் சேர்த்தி.

பயம் போய்விட்டதாம். அந்த இடத்தில் கோபம் வந்து நின்றதாம்.

கதவில் உள்ளங்கையை வைத்தாள். பலகை சுட்டது. உள்ளே தட்டும் சத்தம் நின்றது. யாரோ காது கொடுப்பது போல... மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

"அன்னக்கொடி... கரண்ட்ட அணைக்க நான் வரல. நீ எரிக்கிறத எழுதி வைக்க வந்தேன். முழுசா எழுதுவேன்."

 பிறகு மெல்ல... தட்... தட்... தட்...

ஐந்து மணிவரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் எழுதிய ரிப்போர்ட்டில் எல்லாம் இருந்தது. நேரம், வாட், பிடுங்கிய ஃப்யூஸ், இரண்டு சாவு, கரண்ட்டை நிறுத்தச் சொன்னவர் பெயர். தனசேகர் படித்தார். தாளைத் திருப்பி நீட்டினார்.

"ஏழாவது கோட்ட எடுத்துருங்க. பூட்டுன கட்டடம், நமக்குத் தேவையில்ல."

"எடுக்க மாட்டேன்."

"பேய் ஹீட்டர் போடுதுன்னு எழுதினா வெளிநாட்டுக்காரன் சிரிப்பான் மேடம்."

"பேய்னு நான் எங்கயும் எழுதலையே சார். அந்தக் கதவத் தொறங்க. எல்லாரும் பாக்கட்டும். ஒண்ணும் இல்லன்னா நானே அழிச்சுட்டு வேலைய விட்டுப் போறேன்."

இதற்குள் மாடசாமி ஒரு சோலி பார்த்திருந்தார். ஒரு வருடம் மூடி வைத்த வாயைத் திறந்துவிட்டார். முதல் ஜீப்பிலேயே பேத்துப்பாறைக்குப் போய் அன்னக்கொடியின் தாய் பிச்சையம்மாளை அழைத்து வந்துவிட்டார். இலங்கையில் கண்டித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கப்பலேறித் திரும்பி வந்த பெண். அவள் பின்னால் சமையற்கட்டு, தோட்டம், துணி துவைக்கும் இடம் என்று ஹோட்டல் ஆட்கள் முப்பது பேர். தனசேகர் எவ்வளவு அதட்டியும் ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை.

பூட்டை உடைத்தார்கள்.

அறை காலி. ஹீட்டர் இல்லை. சுவரில் வயரே இல்லை... சாவுக்குப் பிறகு எல்லாவற்றையும் உரித்து எடுத்திருந்தார்கள். மாட்டிய ஆணிகளின் ஓட்டை மட்டும். தனசேகர் சிரித்தார்.

"பாத்தாச்சா? போயி வேலையப் பாருங்க."

பிச்சையம்மாள் உள்ளே போனாள். மெதுவாகக் குனிந்து சிமெண்டுத் தரையில் கை வைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். "வாங்க தொர. நீங்களும் கை வச்சுப் பாருங்க."

வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்திருந்த காலை அது. ஒவ்வொருவராக உள்ளே வந்து தரையைத் தொட்டார்கள். பாய் விரித்த அளவுக்கு ஓர் இடம். அங்கே மட்டும் சூடு. கைகளைத் துடைத்துக்கொண்டு, தனசேகரைப் பார்த்தபடி ஒதுங்கி நின்றார்கள். தனசேகர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை.

"எம் மக காய்ச்சல்ல சாகல" என்றாள் பிச்சையம்மாள். "காய்ச்சல்னு எழுதினத மாத்தி எழுதுற வரைக்கும் நா இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்."

எழுந்திருக்கவும் இல்லை. இரண்டு பகல், ஓர் இரவு. ஆட்களும் வேலைக்குப் போகவில்லை. மஹ்ஜபின் தன் ரிப்போர்ட்டை ஒரு எழுத்தும் மாற்றாமல் சென்னை முதலாளிக்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் அனுப்பிவிட்டாள். இரண்டாம் நாளே விசாரணை வந்தது. மாடசாமி நடந்ததைச் சொல்லிக் கைநாட்டு வைத்தார். அந்த இரண்டு பேர் செத்தது கரிப்புகையால் என்று தாளில் மாற்றி எழுதினார்கள்; அதன் பிறகுதான் பிச்சையம்மாள் எழுந்தாள். அடுத்த ஜனவரியில் தனசேகரை ஹோட்டலில் காணவில்லை.

லயனைப் பழுது பார்த்தார்கள். அறைக்கு ஒரு ஹீட்டர், இரவு முழுக்க. இதைக் கேட்டு வாங்கியவளும் மஹ்ஜபின்தான். அப்புறம் கால் பங்கு எப்படிக் குறையும் என்று முதலாளி கேட்டார். நீச்சல் குளத்து வெந்நீரை நிறுத்தினாள். ஆளில்லாத மண்டபத்தின் சரவிளக்குகளை நிறுத்தினாள். ஒரு வருடக் கெடு முடிந்தபோது இருபத்தாறு சதவீதம். அதில் லயனிலிருந்து பிடுங்கியது ஒரு வாட்கூட இல்லை.

லயனில் பிப்ரவரியிலேயே எட்டுக் குடும்பங்கள் குடிவந்தன. முதல் இரவு இரண்டு பத்துக்கு மாடசாமி ரோந்து போனார். நல்ல பனி. அவர் டார்ச் அடித்தபோது... எட்டு அறையிலும் ஜன்னல் திறந்திருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு.

காலையில் கேட்டால், நாங்கள் சாத்திக் கொக்கி போட்டுத்தானே படுத்தோம் என்றார்கள். எட்டு வீட்டிலும். கொக்கி உள்பக்கம்.

மறுநாளும் திறந்திருந்தது. இன்றைக்கும் அப்படித்தானாம். இப்போது யாரும் அதைச் சாத்துவதில்லை.

பழைய காலத்து ஜன்னல்கள் அவை. மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. திறந்திருப்பது எப்போதும் கீழ்க்கதவுகள்தான். மேலே உள்ளவற்றுக்கு... அந்தச் சின்னக் கை எட்டாது போலிருக்கிறது.