தாழ்ப்பாள் விழும் சத்தம்

திங்கட்கிழமைக் காலை, அலங்காநல்லூரிலிருந்து மதுரை போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். சன்னலோரத்தில் இருந்தவன் திடீரென்று சொன்னான்.

“எங்கம்மா தாழ்ப்பா போடுற சத்தத்த வேணாம்னுட்டாங்க மாப்ள.”

“யாருடா?”

“ஆபீஸ்லதான். செல்போன் ஆப்ப மூடும்போது, ‘போய்ட்டு வா’ன்னு சொல்ற மாதிரி ஒரு சத்தம் செஞ்சு தரச் சொன்னாங்க. நான் ஊர்லருந்து கிளம்புனதும் அம்மா கதவச் சாத்தும்ல, தாழ்ப்பா மட்டும் மெதுவா, மனசில்லாம விழும். வாசல்ல நின்னு அதப் பதிஞ்சு குடுத்தேன்.”

“நல்லாத்தானடா இருக்கும்?”

“கேக்குறவங்களுக்கு உள்ள என்னமோ பண்ணுதாம். சந்தோசமா மாத்தச் சொல்லிட்டாங்க.”

“மாத்திட்டியா?”

“ஆப்புல மாத்திட்டேன். இன்னைக்குக் கிளம்பையிலயும் வீட்டுல அப்படியேதான் விழுந்துச்சு.”