சம்மணத்துக்கு ஒரு மூட்டு

மேஜையில் சாப்பிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருப்பதில்லை, இன்ஸ்பெக்டர். வயிறு நிறையும், மனசு நிறையாது. இங்கிலாந்தில் படித்த காலத்தில்கூட அறைக் கம்பளத்தின் மேல் செய்தித்தாளை விரித்துத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். வீட்டுக்கார வெள்ளைக்காரி பார்த்துவிட்டு, ஏதோ கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று பாவம், அவளும் குனிந்து தேடினாள். நீங்கள் நாகர்கோவில்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். பெரிய உபகாரம். இதையே இங்கிலீஷில் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் போலத் தோன்றிவிடும்.

நான் எலும்பு டாக்டர். பத்மநாப சுவாமி கோயிலுக்குப் பக்கம் ஸ்ரீவராகத்தில் வீடு, இரண்டு தெரு தள்ளி சொந்த நர்சிங் ஹோம். இடுப்பு மூட்டு என்பது ஒரு பந்தும் ஒரு கிண்ணமும், அவ்வளவுதான். தொடை எலும்பின் தலை பந்து, அது சுழல்கிற குழி கிண்ணம். தேய்ந்து போனால் இரண்டையும் எடுத்துவிட்டு எஃகில் ஒரு பந்தும் பிளாஸ்டிக்கில் ஒரு கிண்ணமும் வைக்கிறோம். சீமைக் கிண்ணம் நல்ல ஆழம், தேங்காய் மூடி மாதிரி. பந்து உள்ளே பத்திரமாக இருக்கும். ஆனால் காலை ரொம்ப மடக்கினால் பந்தின் கழுத்து விளிம்பில் இடித்து நெம்பிவிடும். அதனால் ஆபரேஷன் ஆனவர்களிடம், "ஆயுசுக்கும் தரையில் உட்காரக் கூடாது" என்று சொல்லி அனுப்புவார்கள். நம் ஜனங்களிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஜனையில் உட்கார முடியாது, இலையில் உட்கார முடியாது, கொல்லைப்புறத்து சமாசாரத்தைச் சொல்லவே வேண்டாம். நாற்காலியில் பிறந்து நாற்காலியில் சாகிறவன் செய்த மூட்டு நமக்கு எதற்கு?

ஆகவே கிண்ணத்தின் விளிம்பைச் செதுக்கிவிட்டேன். இடிப்பது நின்றது. கால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தாராளமாக மடங்கியது. வெங்கடகிருஷ்ணன் மூட்டு என்று என் பெயரையே வைத்தேன். வேறு பெயர் ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் ராஜபாய்க்கு வைத்தேன், ஓய்வு பெற்ற டீச்சர். பஜனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், தாளம் தட்டினாள், எழுந்திருக்கும்போது பந்து வெளியே வந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த வேல்சாமிக்கு உட்காருவதற்கு முன்பே வந்துவிட்டது. பிறகும் சிலருக்கு வந்தது. என்னிடம் உதவிக்கு இருந்த சேஷன் என்ற சின்ன டாக்டர், "விளிம்பை எடுத்துட்டா பந்து எதுலே சார் நிக்கும்?" என்று கேட்டான். தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் உருளத்தானே செய்யும் என்றும் சொன்னான். மரியாதை தெரியாத பையன். அவனை அனுப்பிவிட்டேன்.

நான் யோசிக்காமல் இல்லை. பந்தை நிறுத்தி வைப்பது விளிம்பு மட்டுமல்ல, சுற்றியிருக்கிற தசையும்தான். என்னிடம் வருகிறவர்கள் யார்? வருஷக்கணக்காக நொண்டி, படுத்து, தசை சூம்பிப் போனவர்கள். பந்து நழுவினால் தப்பு கிண்ணத்துடையதா, தசையுடையதா? இதை நியாயமாகச் சோதிக்க வேண்டுமென்றால் நல்ல தசை வேண்டும். நல்ல தசை நல்ல இடுப்பில்தான் இருக்கும். நல்ல இடுப்பை வைத்துக்கொண்டு யார் எலும்பு டாக்டரிடம் வருவார்கள்? இந்த இடத்தில்தான் நான் மிகவும் தனியாக உணர்ந்தேன்.

என் சம்சாரம் சூடாமணி தினமும் விடியற்காலையில் பத்மநாப சுவாமி கோயிலைப் பிரதட்சிணம் பண்ணுகிறவள். நடை என்றால் அப்படி ஒரு நடை. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் ஒரு சுற்று முடித்துவிடுவாள். குந்தி உட்கார்ந்தாளானால் வாசல் முழுக்கக் கோலம் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அந்த மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது இடுப்பில் சுளுக்கு. எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு முத்து மாதிரி இருந்தது. அதை உள்ளே வைத்துவிட்டு ராஜபாயின் பழைய எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.

"ஏன்னா, இவ்வளவு தேஞ்சு போச்சா? நேத்திக்குக்கூட நன்னா நடந்தேனே."

"வெளியிலே தெரியாதுடீ. உள்ளுக்குள்ளே தேயும்."

"ஆபரேஷன் பண்ணிண்டா மறுபடியும் கோயிலைச் சுத்தலாமோல்லியோ?"

"ஓடவே ஓடலாம்."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள். இருபது வருஷம் ஒரு பெண்ணோடு குடித்தனம் பண்ணினால் இப்படி ஒரு நம்பிக்கை வருகிறது. என் சகாக்கள் ஒருவருக்கும் அது இருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது. வெட்டியெடுத்த எலும்பை வாங்கிக்கொண்ட நர்ஸ் ஓமனா அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஸாரே, இதிலே ஒரு கேடும் இல்லையல்லோ. நல்ல எலும்பல்லே?" என்றாள். பேசாமல் துணியை எடு என்றேன். அந்த எலும்பைத்தான் ஜாடியில் போட்டு உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஒரு கீறல் இல்லாமல், வெண்ணெய் உருண்டை மாதிரி இருக்கிறது, பாருங்கள். எவ்வளவு நல்ல இடுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்று தெரியும்.

தையல் ஆறி அவள் நடக்க ஆரம்பித்ததும், மதராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பெரிய டாக்டர்களை அழைத்தேன். பேச்சு, படம் ஒன்றும் வேண்டாம், இலை போட்டுக் காட்டிவிடலாம் என்பது என் யோசனை. கல்யாண மண்டபத்தில் பந்தி. பெண்டுகள் முதல் பந்தியில் உட்காருவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. விஞ்ஞானத்துக்காக அதை விட்டுக்கொடுத்தேன். சூடாமணியை மடிசாரில், பம்பாய்ப் பெரியவருக்கு எதிரே உட்கார வைத்தேன். அழகாகச் சம்மணம் போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். சாம்பார் வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

ரசம் சாதத்துக்குக் குனிந்தாள். ஒரு சத்தம் கேட்டது, அப்பளம் நொறுங்கின மாதிரி. பரிமாறுகிற அமளியில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவளுடைய வலது முழங்கால் உள்பக்கமாகத் திரும்பி மேலே எழும்பியது. மடிசார் மறைத்துவிட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. ஆனால் வாய் திறக்கவில்லை. பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பந்தியிலிருந்து எழுந்திருக்கக் கூடாது, இலையில் உட்கார்ந்து அழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். பம்பாய்ப் பெரியவரோ நிதானமாக மென்று சாப்பிடுகிறவர்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்வையிலேயே கெஞ்சினாள். எனக்குப் புரியாமல் இல்லை. பந்து பின்னால் போய் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும், சீக்கிரம் உள்ளே தள்ளாவிட்டால் பாதம் செத்துப்போகும் என்பதையெல்லாம் நானே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர் என்னிடம், "உங்கள் மிஸ்ஸஸ் எழுந்திருக்கவே மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே, ஆச்சரியமான மூட்டு" என்றார். அந்த நிமிஷம் என்ன செய்ய முடியும்? "பாயசம் இன்னொரு தடவை வேண்டுமாம்" என்று சொல்லி, அவள் இலையில் போடச் சொன்னேன். பெரியவரும் இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார். சூடாமணி அந்தப் பாயசத்தையும் சாப்பிட்டாள்.

கடைசி விருந்தாளியைக் காரில் ஏற்றிவிட்டு வந்துதான் பந்தை உள்ளே தள்ளினேன். அதற்குள் நரம்பு போய்விட்டது. இப்போது வலது பாதம் தூக்க வராது, தரையில் இழுபடுகிறது. தங்கை வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறாள். கோயில் பக்கம் தலை இருக்கும்படி படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறாளாம். என்னோடு பேசுவதில்லை. எனக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். இருபது வருஷப் பழக்கம்.

ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நல்ல இடுப்பை, நல்லது என்று தெரிந்தே வெட்டினேன். எக்ஸ்ரேயை மாற்றிக் காட்டினேன். பந்து நழுவியது தெரிந்தும் பந்தி முடிகிறவரை உட்கார வைத்தேன். ஒன்றையும் மறைக்கிற சுபாவம் எனக்கு இல்லை.

ஆனால் ஓமனா சொல்கிற மாதிரி நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இந்த மூன்று வாரமாகத் தூங்காமல் அந்தக் கிண்ணத்தைத் திருத்தியிருக்கிறேன். விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே வந்ததில் கடைசியில் சீமைக் கிண்ணத்தின் ஆழத்துக்கே வந்துவிட்டது. அதனால் என்ன, இது நானாகக் கண்டுபிடித்த ஆழம். இனி நழுவாது. சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. நீங்கள் அவளிடம் வாக்குமூலம் வாங்கப் போகும்போது என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள். அவளுடைய இடது இடுப்பின் எக்ஸ்ரேயும் என்னிடம் இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை.