கணக்குக்குச் சரியாக வந்த நட்டு

பத்தாம் நம்பர் நட்டைப் போலக் காணாமல் போகத் தெரிந்த பொருள் உலகத்தில் வேறில்லை, ஐயா. கையில் இருக்கும், ஒரு தும்மல் போட்டால் இருக்காது. என்ஜினுக்குள் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். தரையில் விழும் இரண்டாவது சத்தம் கேட்காவிட்டால், அன்றைய பொழுது போச்சு என்று அர்த்தம்.

என் மாமனாரின் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் இரண்டு மாப்பிள்ளைகள்தான் வேலை பார்த்தோம். மூத்த மகளைக் கட்டியவன் நான். இளையவளைக் கட்டியவர் என் சகலை. தங்கமான மனுஷர்; கையில்தான் எதுவும் தங்காது. வந்த புதிதில் அவர் என்ஜினுக்குள் விட்ட நட்டு, வாஷரை எல்லாம் சேர்த்திருந்தால் இன்னொரு வண்டியே பூட்டியிருக்கலாம்.

மாமனாரிடம் ஒரு சட்டம் உண்டு. கழற்றியதைத் தட்டில் போட வேண்டும், மாட்டும்போது எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை சாவி போடக் கூடாது. கிடைத்து, மாட்டி முடித்த பிறகு வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பது அவர்தான்.

குறையும்போதெல்லாம் சகலை திருதிருவென்று விழிப்பார். “அண்ணே, கொஞ்சம் வாங்களேன்” என்பார். நான் காந்தக் குச்சியோடு போய், இரண்டு சந்தில் விட்டுத் துழாவி எடுத்துக் கொடுப்பேன். “பெரிய மாப்பிள்ளை கை பட்டாத்தான்யா இங்க வண்டி கிளம்புது” என்பார் மாமனார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கிக் கிடந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இரண்டு வருஷத்தில் சகலைக்குக் கை பழகிவிட்டது. எதுவும் விழவில்லை. மாமனார் வாயிலிருந்து அந்த வார்த்தையும் வரவில்லை. அதனால் சகலை கை கழுவப் போகிற நேரம் பார்த்து, அவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நானே உள்ளே போட ஆரம்பித்தேன். விளையாட்டுக்குத்தான். எங்கே போட்டேன் என்பது எனக்குத் தெரியும் என்பதால் வண்டிக்கு எந்த ஆபத்தும் இல்லை. பத்து நிமிஷம் அவரைத் தவிக்கவிட்டு எடுத்துக் கொடுப்பேன். ஆறு வருஷம் இப்படியே நல்லபடியாக ஓடியது.

அன்றைக்கு ஒரு பழைய வண்டி. ஏர் ஃபில்டரைப் பிடித்திருப்பது நாலு நட்டு. அதில் ஒன்றைத் திறந்திருந்த கார்புரேட்டர் வாய்க்குள் போட்டேன். சகலை வந்து எண்ணினார், மூன்று. முகம் செத்துப் போயிற்று. நான் குச்சியை எடுக்கத் திரும்பினேன். மாமனார் அதை எனக்கு முன்னால் எடுத்துச் சகலையிடம் நீட்டினார்.

“நீங்களே தேடுங்க சின்ன மாப்பிள்ளை. எத்தனை நாளைக்குத்தான் அவரையே எதிர்பாப்பீங்க?”

சகலை என்ஜினுக்கு அடியில் குச்சியை விட்டுத் துழாவினார். வெளியே இழுத்தபோது நுனியில் ஒரு நட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தாம் நம்பர்தான். எந்த மெக்கானிக் எந்தக் காலத்தில் விட்டதோ, அழுக்கேறிக் கிடந்திருக்கிறது. மாட்டிப் பார்த்தார், பொருந்தியது. மூன்றும் ஒன்றும் நாலு.

“மாமா, கிடைச்சிருச்சு!” பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அவர் சிரித்தார். மாமனார் அவர் முதுகில் தட்டினார். “இனிமே நீங்களே போதும்” என்றார்.

என் நட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ‘நில்லுங்க மாமா’ என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் சாவி போட்டுவிட்டார். தெருமுனை திரும்பும்வரை நேரம் இருந்தது, ஐயா. நான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டர் மேலே வராமல் மிதித்தபடியே நின்றுவிட்டது. உள்ளே நட்டு சிக்கினால் அப்படித்தான் ஆகும். பிரேக் பிடித்த தடம் மதில்வரைக்கும் இருந்தது. நல்ல டிரைவர் அவர்.

மாமனார் போய்ச் சேர்ந்த ஏழாம் நாளே சகலை ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து, தான்தான் விட்டிருப்பேன் என்று அழுதிருக்கிறார். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆறு வருஷமாக அப்படித்தானே நம்புகிறார். அவரை உள்ளே வைத்த பிறகு இரண்டு வீட்டுக்கும் நான்தான் ஆதரவாக இருக்கிறேன். மாமியார்கூட, நீங்களாவது இருக்கிறீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று நீங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். ‘மெக்கானிக்குகள் இருவரில் ஒருவர் கைதவறி’ என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. இருவரில் ஒருவர் என்றால் என்ன அர்த்தம்? அதை அடித்துவிடுங்கள். நான் போட்டேன், தெரிந்தே போட்டேன், தெரிந்தே போக விட்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பதினெட்டு வருஷத்தில் என் கை தவறி ஒரு வாஷர்கூட விழுந்ததில்லை, ஐயா. சந்தேகம் இருந்தால் உள்ளே இருக்கும் என் சகலையைக் கேளுங்கள். சத்தியம் செய்து சொல்வார்.