பலாச்சடையும் ஒரு கப் தயிரும்

“என் சக்கையை அவ தயிர்ல கலந்துட்டாடி.”

வித்துராவிலிருந்து தம்பானூர் வரும் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த ஆராய்ச்சி மாணவி தன் தோழியிடம் சொன்னாள். சக்கை என்றால் அந்தப் பக்கத்தில் பலா.

“வீட்டுல சக்கை வெட்டுறப்போ, சுளைகளுக்கு நடுவுல உள்ள, தூரப் போடுற சடையைக் கொதிக்கவச்சுப் பார்த்தா என்னன்னு எனக்குத்தான் முதல்ல தோணிச்சு. கேன்டீன்ல, என்கூட லேப்ல இருக்காளே, அவகிட்ட உளறிட்டேன். அவ அதுலேருந்து பாலிசாக்கரைடுன்னு ஒரு சத்தைப் பிரிச்சு எடுத்து, ஆன்டிஆக்ஸிடன்ட் டெஸ்டும் பாஸாக்கி, தயிர்ல கலந்தாச்சு. கைடு ரெண்டாவது கப் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு.”

“உனக்குத் தந்தாளா?”

“தந்தா. நல்லாத்தான் இருந்தது. அதுதானே சங்கடம்.”

“இனி என்ன செய்யப்போற?”

“புட்டுமாவுல கலக்கப்போறேன். காலையில தயிர் யாரு திங்கா? இந்தத் தடவை ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன், கேட்டியா.”

அவள் குரல் கேட்டு, முன்படிக்கட்டில் நின்ற நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.