நாலாம் துளையின் ஐந்தடி

எனக்குக் கோணல் கோடு பிடிக்காது. தலை வாரும்போது வகிடு நேராக வராவிட்டால் திரும்பவும் வாருகிறவன் நான். இதையெல்லாம் என் வாக்குமூலத்தில் குற்றமென்று நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

எழுபத்தாறாம் ஆண்டில் துறைமுகப் பக்கம் ஒரு கம்பனி வந்தது. மலைக்கு அடியில் பாறையைக் குடைந்து எண்ணெய் சேமிக்கப் போகிறார்களாம். மேலே நிற்கிற எண்ணெய்த் தாங்கிகளே பாதி வெறுமையாகக் கிடக்க, கீழே இன்னொன்று எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை. சம்பளம் நல்லது. கணக்கு வாத்தியாராக இருந்த நானும் லிங்கநகரிலிருந்து சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன்.

கிண்ணியா ஊர்ப் பக்கீரும் அவரது ஆட்களும் பதினொரு இடத்தில் துளை போட்டுக் கல் எடுப்பார்கள். துளைக்கும் துளைக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்று நான் கணக்கால் சொல்லவேண்டும். கிட்டக் கிடக்கும் துளைக்கு மதிப்புக் கூட, எட்டக் கிடப்பதற்குக் குறைவு. பார்க்காத இடத்தைப் பற்றி அடித்துச் சொல்வதில் சாதகம் பார்க்கும் சாத்திரிமாருக்கு அடுத்தது நாங்கள்தான்.

எடுத்த கல்லை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குவார்கள். கல் வராத நீளத்துக்கு மரக்கட்டை வைப்பது வழக்கம். நாலாம் துளையில் பக்கீர் ஐந்தடிக்குக் கட்டை வைத்திருந்தார். கட்டையை எந்தச் சூத்திரத்தில் போடுவது? பக்கத்துத் துளைகளின் சராசரியை எடுத்து, நல்ல பாறை என்று வரைந்துவிட்டேன். கோடு மிக அழகாக வந்தது. பக்கீர் படத்தைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"மாஸ்டர், கட்டைய சும்மாவா வெச்சிருக்கம்? அந்த எடத்துல கல்லு நொறுங்கிக் கிடக்கு. கடல்தண்ணி வருது."

பியூன் வல்லிபுரமும் சேர்ந்து சிரித்தான். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் போனது.

அடுத்த நாள் பெரிய எஞ்சினியர் பெட்டிகளைப் பார்வையிட இருந்தார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது கட்டையை எடுத்தேன். ஆறாம் துளையின் அடியில் எடுத்த கல்லில் ஐந்தடி கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பினேன். எஞ்சினியர் கல்லைத் தட்டிப் பார்த்தார், பிறகு என் முதுகிலும் தட்டினார். கீழே இறங்கிக் குடைவதற்கு நாலாம் துளைக்குப் பக்கத்திலேயே கிணறு வெட்டச் சொன்னார். இவ்வளவு நல்ல பாறைக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் தேவையில்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

பக்கீரின் ஆட்களே வெட்டிய கிணறு அந்த ஐந்தடியின் ஆழத்துக்குக் கிட்ட வந்த அன்று, இறங்குவதற்கு முன் பக்கீர் என்னிடம் வந்தார்.

"அந்த அஞ்சடியப் படத்துல போட்டீங்களா மாஸ்டர்? பம்ப் எங்க?"

"ஓம், போட்டனான். பம்ப் பின்னேரம் வரும். நீங்கள் தொடங்குங்கோ."

பயத்தோடு வேலை செய்தால் கை நடுங்கும் என்றுதான் அப்படிச் சொன்னேன். பத்தரை மணிக்குக் கடல் உள்ளே வந்தது. பக்கீரும் இன்னும் இரண்டு பேரும் மேலே வரவில்லை.

விசாரணையில் நாலாம் துளையின் பெட்டியைத் திறந்தார்கள். இடைவெளியில்லாமல் கல் இருந்தது, மூடியில் பக்கீரின் கையெழுத்தும் இருந்தது. துளை போட்டவர்தான் பிழையாக அடுக்கியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அப்படியா என்று என்னைக் கேட்டார்கள். ஓம் என்றேன்.

கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த பிறகு பக்கீரின் மனைவி நஜ்முன் நிஸா தன் மூத்த சகோதரரான நானாவோடு என்னிடம் வந்தார். இறந்தவரின் பிழையை மற்றவர்கள் மன்னித்தால்தான் மறுமையில் அவருக்கு ஈடேற்றம் என்பது அவர்களின் நம்பிக்கை. கூட இறந்த இரண்டு பேரின் வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டு, கடைசியாக என்னிடம் வந்திருந்தார்.

"அவரால உங்கட கணக்கும் பிழைச்சுப் போச்சாம். பொருந்திக்கொள்ளுங்க மாஸ்டர்."

பொருந்திக்கொண்டேன் என்றேன். அந்தப் பெண் அழுதுகொண்டே நன்றி சொன்னார்.

கட்டையை எடுத்தது நான். பம்ப் வராது என்று தெரிந்துகொண்டே மூன்று பேரை இறக்கியதும் நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பக்கீரை நான் வாயால் மட்டுமல்ல, மனதாரவே மன்னித்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.